தட்டில் ஒட்டாத பட்டாணி

விதைப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் கறார்க்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை; சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள் என்பது வேறு விஷயம். விதைகளை ஈரத்தாளில் வைத்துச் சுருட்டி, குளிர் அறையில் எட்டு நாள் நிறுத்தி, முளைத்ததை எண்ணிக் கையெழுத்துப் போடுவதுதான் பதினாறு வருடமாக அவள் வேலை. எண்பத்து நான்கு முளைத்தால் எண்பத்து நான்கு. இன்னும் ஒன்று கூட்டி எழுதினால் மொத்த மூட்டையும் தேறிவிடும் என்று யார் வந்து காலைப் பிடித்தாலும், "கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்" என்று சொல்லி வாசலைக் காட்டுவாள். அப்படிப்பட்டவளிடம், கூடப் பிறந்த தம்பியே வந்து, "நீ எழுதினது பொய்யிக்கா" என்று சொல்லிவிட்டான். அதுவும் நடைவழியில், நாலு பேர் காதில் விழும்படி.

ஏற்கெனவே அவளுக்கு மூக்கு நுனியில் கோபம். இதற்கு மேல் கேட்க வேண்டுமா?

தம்பி பட்டாணி பயிரிடுகிறவன். விதையைக் கொடுப்பதும் ஒரு கம்பெனிதான், விளைந்ததை வாங்கிக்கொள்வதும் அதே கம்பெனிதான். இந்தப் பருவத்தில் மூன்று ரகம் போட்டான்: தோல் வழுவழுவென்றிருக்கும் உருண்டை ரகம், பழுப்புத் தோல் ரகம், இனிப்புக்காகவே ஜனங்கள் தேடி வாங்கும் சுருக்கு ரகம். முதல் இரண்டும் வரிசை பிசகாமல் வந்துவிட்டன. சுருக்கு மட்டும் நூற்றுக்கு நாற்பதுகூடத் தலைகாட்டவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தால் விதை கூழாகி, வெளிர் ரோஜா நிறத்தில் பூஞ்சணத்தைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. மூட்டை வாயில் தைத்திருந்த சீட்டில் முளைப்புத் திறன் தொண்ணூற்றொன்று என்றிருந்தது. அதன் அடியில் அக்காவின் கையெழுத்து.

அவன் நிலத்தோடு போயிருந்தால் என் நேரம் என்று பேசாமல் இருந்திருப்பான். அக்கம்பக்கத்தில் பதினோரு பேர் அவன் பேச்சைக் கேட்டு அதே சுருக்கு ரகத்தைப் போட்டிருந்தார்கள். "எங்க அக்கா பாத்துக் கையெழுத்துப் போட்ட விதை, யோசிக்காம போடுங்க" என்று வீடு வீடாகச் சொன்னது இவன்தான். கம்பெனியோ, விதைக்கத் தெரியாதவர்கள் என்று பன்னிரண்டு பேரையும் அடுத்த பருவத்துப் பட்டியலிலிருந்து தூக்கப் போவதாகக் கடிதம் அனுப்பிவிட்டது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் வேறு வாங்குகிற ஆள் கிடையாது. மூன்று வாரம் கழித்துப் பரிசோதனைக் கூடத்திலேயே விசாரணை. அதற்குள் பதினோரு வீட்டுக்காரர்களும் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார்கள்.

"சுருக்கு ரகத்துல சக்கரை ஜாஸ்திடா," என்றாள் அக்கா. "ஈரத்துல ஊறினா சக்கரை வெளிய கசியும். பூஞ்சணத்துக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்ச மாதிரி. தண்ணிய அளவா கட்டுன்னு உனக்குப் படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?"

"அளவாத்தான் கட்டினேன். ஒருத்தரு மேட்டு நிலத்துல போட்டிருக்காரு, தண்ணி நிக்கவே நிக்காது. அவருக்கும் அதே நாப்பதுதான். பன்னெண்டு பேருமா தப்பாக் கட்டுவோம்?"

"மத்த பதினோரு பேரும் உன் யோசனையக் கேட்டுத்தானடா கட்டினாங்க?"

சொன்னபின் அவளுக்கே அது கொஞ்சம் அதிகம் என்று பட்டது. ஆனால் வாயிலிருந்து விழுந்ததைத் திரும்ப அள்ளுகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. தம்பி அவள் பின்னாலேயே உள்ளே வந்து, பையிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்து அவள் மேஜைமேல் வைத்தான்.

"மூட்டையில மிச்சம் இருந்த விதையில நூறு எடுத்து, ஈரத்துணியில எட்டு நாள் வெச்சுப் பாத்தேன். எண்ணிட்டு மறுபடி கட்டியிருக்கேன். பொறுக்கி எடுக்கல, கண்ண மூடிட்டுத்தான் எடுத்தேன். நீயே பிரிச்சுப் பாரு."

"ஓகோ. அப்ப நாங்க எதுக்கு இங்க குளிர் ரூமு, மெஷினு, நாலு ஆபீசருன்னு உக்காந்திருக்கோம்? ஆளுக்கொரு டப்பா வாங்கிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாமே!"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். தம்பி அவரை ஒரு பார்வை பார்த்தான், அக்காவை ஒரு பார்வை பார்த்தான், போய்விட்டான். அவள் டப்பாவைத் தூக்கிப் பீரோமேல் எறியாத குறையாக வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான். "டப்பாவப் பாத்தியாக்கா?"

"பாத்தேன். ஒண்ணுமில்ல. குப்பை."

ஒரு முளையைக்கூடக் கூட்டி எழுதாதவள், திறக்காத டப்பாவைத் திறந்து பார்த்ததாகச் சொன்னாள். அது பொய் என்றுகூட அவளுக்கு உறைக்கவில்லை. அந்தக் கையெழுத்துதான் அவளுடைய மானம் மரியாதை எல்லாம். அதன்மேல் காறித் துப்பியவனுடைய டப்பாவை ஏன் திறக்க வேண்டும்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே கதைதான்.

விசாரணைக்காக மறுபரிசோதனை செய்யச் சொல்லி மேலதிகாரி உத்தரவு போட்டார். அவள் துள்ளிக்கொண்டு செய்தாள். பரிசோதனைக்கு வருகிற ஒவ்வொரு விதைக் குவியலிலும் கொஞ்சம் எடுத்து முத்திரை வைத்துப் பத்திரப்படுத்துவது வழக்கம். தம்பி விதைத்த மூன்று ரகத்தின் பொட்டலங்களையும் எடுத்து, முத்திரையை உடைத்து, எண்ணும் மெஷினில் கொட்டினாள். நூறு துளை போட்ட தட்டு அது. காற்றை உறிஞ்சும்; துளைக்கு ஒரு விதை வந்து ஒட்டிக்கொள்ளும்; தட்டை ஒரு தட்டுத் தட்டினால் அதிகப்படி ஒட்டியது உதிர்ந்து, சரியாக நூறு நிற்கும். அப்படி நாலு தடவை, நானூறு. இந்த மெஷினுக்காக இரண்டு வருடம் மேலதிகாரியோடு சண்டை போட்டவள் அவள். "கைக்கு ஆசை உண்டு சார், நல்லதாப் பாத்துப் பொறுக்கும். மெஷினுக்கு ஆசை கிடையாது" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசி, எட்டு மாதம் முன்பு அதை வாங்க வைத்தாள்.

எட்டாம் நாள் எண்ணினாள். பழுப்பு தொண்ணூற்றாறு, உருண்டை தொண்ணூற்று நான்கு, சுருக்கு தொண்ணூறு.

"பொய்யாம் பொய்யி" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கணினியின் முன் உட்கார்ந்தாள். எழுத வேண்டிய வாக்கியம் தயாராகவே இருந்தது: 'அதிக நீர்ப்பாசனமே முளைப்புக் குறைவுக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.' இந்த எட்டு மாதத்தில் இதே போல் புகார் அனுப்பிய நாலு பேருக்கு அதே வாக்கியம் போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் அடிப்பானேன் என்று சேமித்து வைத்திருந்தாள்; பெயரை மாற்றினால் போதும். இந்தத் தடவை மாற்ற வேண்டியது தம்பியின் பெயர். ஒரு முழுப் பெயராக அதை அவள் என்றைக்கும் எழுதியதில்லை. கொஞ்சம் கை நின்றது. நின்றாலும் எழுதினாள்.

அப்போதுதான் கூடத்தைப் பெருக்குகிற ஆயா முறத்தோடு உள்ளே வந்தாள்.

"ஏம்மா, அந்த மெஷினுக்கு சுருக்குப் பட்டாணின்னா ஆகாதா?"

"என்ன உளர்ற?"

"உருண்டை வெச்ச அன்னிக்குத் தரை கண்ணாடி மாதிரி இருக்கு. சுருக்கு வெச்ச அன்னிக்கு முறம் ரொம்புது. இன்னிக்குக் காலையிலயும் எதோ சுருக்கு எண்ணியிருக்கீங்க போல. பாருங்க, எம்புட்டு உதுந்து கெடக்கு. எட்டு மாசமா இதே பாடு, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு."

"எட்டு மாசமா ஏன் சொல்லல?"

"நீங்க எப்ப யாரைப் பேச விட்டீங்க?"

வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு வசவு கிடைத்திருக்கும். அவள் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்தில் கிடந்தது எல்லாம் ஒரே ஜாதி. ஓரத்தில் பழுப்புப் புள்ளி, நடுவில் குழி, தோலில் கீறல், அளவில் சூம்பல். நல்ல பட்டாணி என்று சொல்ல ஏழெட்டுகூட இல்லை. தரையில் தற்செயலாக உதிர்ந்ததென்றால் நல்லதும் கெட்டதும் கலந்தல்லவா உதிர வேண்டும்?

தம்பியின் பொட்டலத்தில் மிச்சமிருந்ததை மெஷினில் கொட்டினாள். தட்டு உறிஞ்சியது. ஒரு தட்டுத் தட்டினாள். பொலபொலவென்று உதிர்ந்தது. ஒட்டி நின்றதைப் பார்த்தாள், உதிர்ந்ததைப் பார்த்தாள். மறுபடி செய்தாள். மறுபடியும்.

மெஷினுக்கு ஆசை கிடையாதுதான். ஆனால் அதற்குத் தெரிந்தது காற்று ஒன்றுதான். கொழுகொழுவென்று திரண்ட விதை துளையை அடைத்துக்கொண்டு நிற்கும். பூஞ்சணம் பிடித்துச் சூம்பிய விதையின் மடிப்பு வழியாகக் காற்று ஓடிவிடும், தட்டினால் விழுந்துவிடும். உருண்டை ரகத்தில் கெட்டுப்போனதும் உருண்டையாகவே இருக்கும், பழுப்பிலும் அப்படித்தான், அதனால் அவற்றில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே ஒட்டின. சுருக்கில் மட்டும், நோய் பிடித்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டு, தேறியதை மட்டும் நூறு பொறுக்கி, இந்தா எண்ணிக்கொள் என்று கொடுத்திருக்கிறது. பொறுக்காத மெஷின் வேண்டும் என்று சண்டை போட்டு, பொறுக்குகிற மெஷினை அவளே கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

"சனியனே!" என்று தட்டைப் பிடுங்கி மேஜைமேல் அடித்தாள். ஆயா முறத்தோடு வெளியே போய்விட்டாள்.

அன்றே, அதே குவியலிலிருந்து முத்திரை வைத்திருந்த இன்னொரு பொட்டலத்தைப் பிரித்து, கையால் நானூறு எண்ணினாள். குவியலைப் பார்த்தால் கை நல்லதைத் தேடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரலுக்கு வந்ததை எடுத்தாள். எடுத்துக்கொண்டே வரும்போது, கண்ண மூடிட்டுத்தான் எடுத்தேன் என்ற குரல் காதில் கேட்டது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். மெஷின் விற்றவன், அதைச் சோதிக்காமல் வாங்கியவர், வாயை மூடிக்கொண்டு பெருக்கியவள், சரியாகச் சொல்லித் தொலைத்த தம்பி. எல்லோரையும் ஒரு சுற்றுத் திட்டி முடித்தால் வரிசையில் கடைசியாக அவளே நின்றுகொண்டிருந்தாள்.

அந்த எட்டு நாளும் அவளிடம் யாரும் வாயைக் கொடுக்கவில்லை.

எட்டாம் நாள் சுருளைப் பிரித்தபோதே நாற்றம் சொல்லிவிட்டது. காயாத ஈரத்துணி மூலையில் கிடந்து புழுங்கின நாற்றம். ரோஜா நிறமும் சாம்பல் நிறமுமாகப் பூஞ்சணம் ஒரு விதையிலிருந்து பக்கத்து விதைக்குத் தாவியிருந்தது. முளைத்தவற்றிலும் வேர் கறுத்தது, தண்டு முறுக்கிக்கொண்டது என்று கழிக்க வேண்டியவை இருந்தன. ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தொன்பது. சராசரி ஐம்பத்தேழு.

தாளை எடுத்துக்கொண்டு மேலதிகாரி அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார்.

"கையால எண்ணினதுல பிசகு இருக்கலாமே? கை பொறுக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

"கை பொறுக்கினா நல்லதத்தான் சார் பொறுக்கும். கெட்டதாப் பாத்துப் பொறுக்குற கைய எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

அவர் குரலைத் தணித்தார். "இங்க பாருங்க. இந்த எட்டு மாசத்துல சுருக்கு மட்டும் முப்பத்தோரு குவியல் இதே மெஷின்ல போயிருக்கு. அத்தனையும் தப்புன்னு நாமளே தண்டோரா போடணுமா? விதிப்படி மறுபரிசோதனை ஒரு தடவை போதும். தொண்ணூறு வந்திருக்கு. அதோட முடிஞ்சுது. நாளைக்கு விசாரணைல நீங்க சும்மா உக்காந்தா போதும்."

"பன்னெண்டு பேரு பட்டியல்லேருந்து போறாங்க சார்."

"அது கம்பெனிக்கும் அவங்களுக்கும் உள்ளது. நீங்க கையெழுத்துப் போட்டவங்க. அத மறந்துடாதீங்க. போறது உங்க பேரு."

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் பேரைக் காட்டி அவளையே மிரட்டியவர்கள் இதுவரை யாரும் உருப்படியாகத் திரும்பியதில்லை.

மறுநாள் விசாரணை. நீள மேஜையின் ஒரு பக்கம் மேலதிகாரியும் கம்பெனி அதிகாரியும். எதிர்ப்பக்கம் பதினோரு பேர், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. தம்பிக்கு அந்த வரிசையில் இடம் விடவில்லை. அவன் கதவோரம் தனியாக ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். மூன்று வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

கம்பெனி அதிகாரி அறிக்கையை வாசித்தார். தொண்ணூற்றொன்று, மறுபரிசோதனையில் தொண்ணூறு. "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வாங்க. இங்க நானூறு சோறு பதம் பாத்தாச்சு. விதையில கோளாறு இல்ல. விதைச்ச கையிலதான் கோளாறு."

"நாங்க இவன் பேச்சக் கேட்டோம், அதான் எங்க கோளாறு," என்றார் மேட்டு நிலத்துக்காரர், கதவுப் பக்கம் கையைக் காட்டி.

தம்பி தலையைத் தூக்கவில்லை. அவள் எழுந்தாள்.

"அந்த ஒரு சோத்த வெந்ததாப் பாத்துப் பொறுக்கி எடுத்தா, பதம் எப்படிங்க தெரியும்?"

"நீங்க உக்காருங்க," என்றார் மேலதிகாரி.

"உக்காந்து உக்காந்துதான் இந்தக் கதி." இரண்டு தட்டுகளை மேஜையின் நடுவில் வைத்தாள். "இது மெஷின் எடுத்த பட்டாணி. இது அதே பொட்டலத்துல மெஷின் கீழ தள்ளின பட்டாணி. எல்லாரும் பாருங்க. நல்லா கையில எடுத்துப் பாருங்க. கீழ தள்ளினத எட்டு மாசமா நாங்க கூட்டிக் குப்பையில போட்டுக்கிட்டிருந்தோம். நல்லத மட்டும் எண்ணித் தொண்ணூறுன்னு எழுதினோம். எழுதினோம் என்ன எழுதினோம், நான் எழுதினேன். கையால எண்ணினா ஐம்பத்தேழு. இவங்க யாருக்கும் விதைக்கத் தெரியாமப் போகல. விதையிலயே நோய் இருந்துச்சு, அத நான் பாக்கல. என் கையெழுத்து தப்பு."

பதினோரு கைகளும் தட்டுக்குப் போயின. நிலத்தில் குனிந்து எத்தனையோ தடவை பார்த்த புள்ளியையும் குழியையும் அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேட்டு நிலத்துக்காரர் ஒரு விதையை நகத்தால் பிளந்து, கம்பெனி அதிகாரியின் முன்னால் வைத்தார். "இதத்தான் எனக்கு விதைக்கத் தெரியலேன்னு சொன்னீங்களா?" என்று அவர் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

அதற்கப்புறம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க யாராலும் முடியவில்லை. சாயங்காலத்துக்குள் சீட்டு ரத்தானது, பன்னிரண்டு பெயரும் பட்டியலில் நிற்கும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. மீதி முப்பது சுருக்குக் குவியல்களையும் கையால் எண்ண உத்தரவாகியது. அதுவரை கறார்க்காரி எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்றும் ஒரு உத்தரவு வந்தது. அதை அவள் வாங்கிக்கொண்டாள். சேமித்து வைத்திருந்த அந்த வாக்கியத்தைக் கணினியிலிருந்து அழித்துவிட்டு, அதைப் பெற்ற நாலு பேருக்கும் புதிதாக எழுத உட்கார்ந்தாள்.

வாசலில் நிழல் தட்டியது. தம்பி. வெளியே பதினோரு பேரும் அவனுக்காகக் காத்து நின்றார்கள். ஏதாவது சொல்லவேண்டும் என்று எழுந்தாள்.

"டப்பாவக் குடு," என்றான் அவன். "வீட்டுல அவ தேடுறா."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. வேறு வழி இல்லாமல் முக்காலியைப் போட்டு ஏறி, பீரோமேலிருந்து டப்பாவை எடுத்தாள். மூடியில் தூசி ஒரு படலம். துடைக்கப் போனவள் கையிலிருந்து அவன் வாங்கிக்கொண்டான், மூடியைத் திறந்தான்.

துணி மூட்டை அவன் வைத்தபடியே இருந்தது. பச்சைப் பூஞ்சணம் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. மேலே அவன் போட்ட இரட்டை முடிச்சு, இறுக்கம் குலையாமல்.

"பாத்தேன்னு சொன்ன," என்றான்.

அவள் மூடியை வாங்கி, தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"மெஷின் ஏமாத்திச்சு, சரி. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அத அத்தன பேருக்கு முன்னாடி நீ ஒத்துக்கிட்டதும் சரி. ஆனா இத யாரு ஏமாத்துனா?" டப்பாவை மேஜைமேல் வைத்தான். "கழுவிக் குடுத்தனுப்பு."

அவன் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டதும் வெளியே பேச்சுச் சத்தம் கிளம்பித் தெருவோடு போயிற்று. அவள் முடிச்சைப் பிரிக்கப் பார்த்தாள். விரலுக்கு அவிழவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினாள். உள்ளே, பிளாஸ்டிக் தாளில் மடித்து, நனையாமல் ஒரு சீட்டு இருந்தது. அவளுடைய பரிசோதனைப் படிவத்தில் இருப்பதுபோலவே கோடு போட்டு, இருபத்தைந்து இருபத்தைந்தாக நாலு வரிசை எழுதியிருந்தான். கூட்டுத்தொகை ஐம்பத்தைந்து. அதன் கீழே: 'கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல.'

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.